ஐஸ்லாந்தில் ஒரு வார ஷூட்: விசா முதல் வீடு திரும்புவது வரை

ப்ரீ வெட்டிங் ஷூட் ஊட்டியைத் தாண்டி, பாலியைத் தாண்டி, ஐஸ்லாந்து வரை போய்விட்டது. "டிக்கெட், ரூம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க கேமராவோட வந்தா போதும்" என்று ஜோடி சொல்லும்போது தலையாட்டுவது சுலபம். கேமராவோடு மட்டும் போனால் என்னென்ன இடிக்கும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சென்னையில் ஏறி, ஏழெட்டு நாள் தங்கி, கார் எடுத்துச் சுற்றிப் படம் பிடித்துத் திரும்பும் புகைப்படக்காரருக்கானது இது. வெறும் இயற்கைக் காட்சி எடுக்கப் போகிறவர்கள் சேலைப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

பயணம் உறுதியான அன்றே எல்லாரும் ஸ்வெட்டர் கடைக்கு ஓடுகிறார்கள். தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அதைத் தாங்கிவிடலாம். வேலையைக் கெடுப்பது காற்றும், பகல் நேரமும், காகிதங்களும்.

1. முதலில் மாதம், பிறகு இடம்

டிசம்பர் கடைசியில் ரெய்க்யாவிக்கில் சூரியன் காலை 11.20 வாக்கில் எழுந்து மாலை 3.30-க்குப் படுத்துவிடும். கையில் நாலு மணி நேரம்தான். ஆனால் அந்த நாலு மணி நேரமும் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும், நடுப்பகலில்கூட மாலை வெயில் போலத்தான் இருக்கும். ஜூன் கடைசியிலோ நள்ளிரவுக்கு மறைந்து மூன்று மணிக்கு மறுபடி வந்துவிடும். அங்கே நல்ல வெளிச்சம் கிடைப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல், அதனால் ஜோடியைப் பகலில் தூங்க வைத்துவிட்டு இரவில் எடுக்க வேண்டியிருக்கும்.

இரவு வானில் பச்சையாக ஆடும் வடதுருவ ஒளி வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. இயற்கையான பனிக்குகைக்கு நவம்பர் முதல் மார்ச். பஃபின் பறவைகள் மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. ஊதா நிற லூபின் பூக்கள் ஜூனில். உள்நாட்டு மலைப்பாதைகள் பெரும்பாலும் ஜூன் கடைசிக்கு மேல்தான் திறக்கும். ஒளியும் பஃபினும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று கேட்கும் கிளையண்டிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரையான காலம்தான் தோது. பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பகல், ராத்திரியில் ஒளிக்கு வாய்ப்பு, பனிக்குகையும் இருக்கும், கோடையைவிட வாடகையும் குறைவு.

எந்த மாதமானாலும் ஏழு நாளில் இரண்டு நாளை வானிலைக்கென்று காலியாக விடுங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். "புயலால் ஒரு இடம் கைவிட்டுப் போனால் அதற்கு ஈடாக வேறு இடம் எடுக்கப்படும், பணம் திரும்பாது" என்ற ஒரு வரி பின்னால் வரும் மனக்கசப்பைப் பாதியாகக் குறைக்கும்.

2. விசா

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. வேண்டியது ஷெங்கன் குறுகிய கால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்லத் தூதரகத்துக்கு 15 நாள் உண்டு. சந்தேகம் வந்தால் 45 நாள் வரை நீட்டலாம். கோடை விடுமுறைக் காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, ஆகவே மூன்று மாதத்துக்கு முன்பே அப்பாயிண்ட்மெண்ட் போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இரண்டும் திரும்பாது.

காட்ட வேண்டிய காகிதங்கள்:

- கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட். திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும்.
- 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் அண்மைப் புகைப்படம். நம்மவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்து, முகத்தை வழவழப்பாக்கி அச்சடித்துக் கொண்டுபோய் நிற்பதுண்டு. தெருமுனை ஸ்டூடியோவில் எடுத்ததே மேல்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, ஷெங்கன் முழுவதற்கும்.
- ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, தனித்தொழில் என்றால் ஜிஎஸ்டி அல்லது உத்யம் பதிவு.
- விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, நாள்வாரித் திட்டம்.
- கிளையண்டின் கடிதம். யார் செலவு, யார் கூலி, கூலி எந்த நாட்டில் தரப்படுகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கடைசிக் காகிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். படிவத்தில் "சுற்றுலா" என்று எழுதிவிட்டு, பையில் இரண்டு கேமரா பாடி, மூன்று ஃபிளாஷ், ஒப்பந்தக் கடிதம் எல்லாம் வைத்திருந்தால் குடியேற்ற அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே நாக்கு குழறும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கூலிக்காகப் படம் பிடிக்கப் போவதைச் சொல்லி, இதற்கு வேலை அனுமதி வேண்டுமா, விலக்கு உண்டா என்று தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விசா கைக்கு வந்ததும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று செல்லுபடியாகும் தேதிகள். மற்றது தங்கக்கூடிய நாள்கள். தேதி ஒரு மாதத்துக்கு இருந்தாலும் நாள் 10 என்று போட்டிருந்தால் 10 நாள்தான். இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் சேர்த்தி.

3. விமானம்: லண்டன் வழி மலிவு, ஆனால்

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன் வழியாகப் போவது பல சமயம் மலிவாகத் தெரியும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு லண்டனில் விமானம் மாறவே பொதுவாகத் தனி டிரான்சிட் விசா வேண்டும். குறுகிய கால ஷெங்கன் விசா கையில் இருப்பது இதற்குப் போதாது. இது தெரியாமல் சென்னை செக்கின் கவுண்டரிலேயே நின்றுபோகும் பயணங்கள் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ், கோபன்ஹேகன் போல ஷெங்கனுக்குள் மாறும் வழியை எடுங்கள், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும்.

அப்படி மாறும் ஊரில்தான் குடியேற்றச் சோதனை நடக்கும், ஐஸ்லாந்து விமான நிலையமான கெஃப்லாவிக்கில் நடக்காது. 2025 அக்டோபரில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியதிலிருந்து வரிசை நீண்டிருக்கிறது. இடைவெளி மூன்று மணி நேரமாவது வேண்டும்.

4. கருவிகளுக்குச் சுங்கச் சான்று

இந்த வேலைக்குச் செலவு கிடையாது, செய்கிறவர்களும் அதிகம் கிடையாது. கிளம்பும் நாளில் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் உங்கள் கருவிகளுக்கு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, இதெல்லாம் வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்விக்கு நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

பிராண்டு, மாடல், சீரியல் எண், விலை என்று பட்டியல் போட்டு மூன்று பிரதி எடுங்கள். பில் நகல்களையும் சேருங்கள். சீரியல் எண்ணைப் பில்லிலிருந்து எழுதாமல் கருவியின் அடியிலிருந்து பார்த்து எழுதுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் சான்று வீண். அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதால் பெட்டியைச் செக்கின் போடுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். விமான நேரத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

ட்ரோன் கொண்டுபோகிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. 2022 பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. சான்றில்லாமல் திரும்பி வந்தால் உங்கள் சொந்த ட்ரோனே பறிபோகலாம். சினிமா கேமரா, பெரிய விளக்குகள் என்று வாடகைச் சரக்கு அதிகம் இருந்தால் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு வழங்கும் ஏடிஏ கார்னே (கருவிகளைத் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதற்கான சுங்க ஆவணம்) எடுப்பது முறை. ஒரு ஆள் தூக்கும் பைக்கு அது தேவைப்படாது.

5. பை கட்டுவது

உதிரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்கின் பெட்டியில் போகக் கூடாது. 100 வாட்-அவர் வரை கைப்பையில் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவன அனுமதியோடு இரண்டு. பவர் பேங்க்குக்குக் கணக்கு எளிது: 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-அவரை 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-அவர். முனைகளில் டேப் ஒட்டுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் ஒரு பாடிக்குக் குறைந்தது நாலு வேண்டும். படப்பிடிப்பின்போது சட்டைக்குள், உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள்.

கைப்பை எடை வரம்பு பல நிறுவனங்களில் 7, 8 கிலோதான். டிரைபாடும் சார்ஜரும் செக்கினுக்கு. லென்ஸ்களில் இரண்டை ஓவர்கோட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை யாரும் நிறுப்பதில்லை.

அங்கே மின்சாரம் 230 வோல்ட், இரட்டை உருண்டைப் பின். நம் மூன்று பின் பிளக் ஏறாது. ஒரு அடாப்டரும், அதில் மாட்ட நம்மூர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் இருந்தால் எல்லாச் சார்ஜரும் ஓடும்.

சாப்பாட்டில் பால் பொருளும் இறைச்சியும் நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. பால்கோவாவும் நெய் மைசூர்பாகும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் போகும். புளிக்காய்ச்சலைச் செக்கினில் வையுங்கள். தண்ணீரில் நின்று எடுக்க "வேடர்" எனும் நீர்புகாக் கால்சட்டை கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: பயன்படுத்திய மீன்பிடி உடை கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். புதிதாக வாங்கியதென்றால் பில்லைக் காட்டலாம்.

6. கார்

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் சிக்கலில்லை. ஆனாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச அனுமதி எடுத்து வைப்பது நல்லது. வண்டி வலப்பக்கம் ஓடும். ஆட்டோமேட்டிக் எடுங்கள், வலது கை கியரைத் தேடி அலையும் குழப்பம் மிச்சம். குளிர்காலத்தில் ஃபோர் வீல் டிரைவும் ஆணி வைத்த டயரும் கேட்டு வாங்குங்கள். ஆணி டயருக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி. பிணைத்தொகைக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட், ஃபாரெக்ஸ் கார்டுகளைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

காப்பீட்டில் சரளைக்கல் பாதுகாப்பும், தெற்குக் கரை போனால் மணல்-சாம்பல் பாதுகாப்பும் சேருங்கள். எவ்வளவு கட்டினாலும் பெரும்பாலும் சேராத ஒன்று, காற்றில் கதவு பிய்வது. வண்டியின் மூக்கு காற்றை எதிர்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். கதவை ஒரு கையால் உள்கைப்பிடியிலும் மறு கையால் மேல் விளிம்பிலும் பிடித்து, ஒரு சாண் திறந்து காற்று எப்படி என்று பார்த்து, பிறகு இறங்குங்கள். பின்சீட்டில் இருக்கும் மணப்பெண்ணுக்கும் இதை முதல் நாளே கற்றுக்கொடுங்கள். கீல் வளைந்தால் வரும் பில், ஷூட் லாபத்தைத் தின்றுவிடும்.

ஊருக்குள் வேகம் 50, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90. இரண்டு தடம் உள்ள ரவுண்டானாவில் வெளியேறும்போது உள்வட்டத்தில் இருப்பவருக்கே முன்னுரிமை, நம் வழக்கத்துக்கு நேர்மாறு. சாலையை விட்டு மண்ணிலோ பாசியிலோ வண்டி இறக்கினால் அபராதம் கடுமை, "ரெண்டு அடிதானே" என்ற பேச்சு செல்லாது.

ஆளில்லாப் பெட்ரோல் பங்குகளில் நாலு இலக்கப் பின் எண்ணுள்ள கார்டு வேண்டும். "முழு டேங்க்" அழுத்தினால் பெரிய தொகையை முடக்கி வைத்துப் பல நாள் கழித்து விடுவிக்கும். தொகையைச் சொல்லிப் போடுங்கள். அருவி, ஏரி நிறுத்துமிடங்களில் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். கட்டணம் 1,000 குரோனா (ஐஸ்லாந்துப் பணம்) சுற்றி. ஆப்பில் கட்டாமல் வந்தால், கார் நிறுவனம் தன் கமிஷனையும் சேர்த்து உங்கள் கார்டில் இழுக்கும்.

7. எங்கே அனுமதி வேண்டும்

திங்வெட்லிர், வத்னயோகுட்ல் தேசியப் பூங்காக்களில் வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும். யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வத்னயோகுட்லுக்குள்தான் வருகிறது. பூங்கா அலுவலகத்துக்குத் தேதி, ஆள் எண்ணிக்கை, கருவிப் பட்டியலோடு நாலைந்து வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். இரண்டு பூங்காவிலும் ட்ரோனுக்குத் தனி அனுமதி. மற்ற இடங்களிலும் 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் ஐஸ்லாந்துப் போக்குவரத்து ஆணையத் தளத்தில் பதிவு விதிகளைப் படித்துவிடுங்கள்.

வெஸ்ட்ராஹார்ன் மலையை எல்லாரும் எடுக்கும் ஸ்டோக்ஸ்நெஸ் கரை தனியார் நிலம், நுழைவுக் கட்டணம் உண்டு. பூதிர் கறுப்பு தேவாலயம் போன்ற இடங்களில் வழிபாடு நடக்கும், கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பாசி மேல் ஜோடியை நிற்க வைக்காதீர்கள். மிதிபட்ட பாசி தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஃப்யாத்ரார்க்ல்யூஃபுர் பள்ளத்தாக்கைக் கூட்டத்தின் மிதி தாங்காமல் 2019-இல் மூடியே வைத்தார்கள்.

8. காசு

ஒரு குரோனா ஏறத்தாழ 70 பைசா. உணவகத்தில் ஒரு தட்டு 4,000 முதல் 6,000 குரோனா, பெட்ரோல் பங்க் ஹாட் டாக் 800 சுற்றி. வழிகாட்டியோடு பனிக்குகை தலைக்கு 20,000-க்கு மேல். வழிகாட்டி இல்லாமல் குகைக்குள் போகவே கூடாது. 2024 ஆகஸ்டில் ப்ரெய்தாமெர்குர்யோகுட்ல் பனிப்பாறையில் பனி சரிந்து, வழிகாட்டியோடு போன குழுவிலேயே ஒரு பயணி இறந்தார். சமையலறை உள்ள விடுதி பிடித்து, போனுஸ் கடையில் அரிசி வாங்கிப் பொங்கினால் சாப்பாட்டுச் செலவு பாதிக்கும் கீழே வரும். பாட்டில் தண்ணீர் வாங்காதீர்கள், குழாயில் வரும் குளிர்ந்த நீர் அருமை. ரூபாயிலா குரோனாவிலா என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் குரோனா.

9. சேலை, நகை, கால்

பட்டுச்சேலையில் அருவி முன்னால் படம் எடுக்கலாம், ஏற்பாடு வேண்டும். உள்ளே உடம்பைப் பிடிக்கும் கம்பளி உள்ளாடை, தோல்நிறத்தில். பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. முந்தானையை ரவிக்கையில் ஒரு ஊக்கோடு விடாமல் மூன்று ஊக்கு குத்துங்கள். மடிப்பு விசிறாமல் இருக்கக் கீழ் விளிம்பில் உள்பக்கமாகச் சின்ன எடை தைக்கலாம். சேலைக்கடியில் தெரியாது என்பதால் பூட்ஸும் அதன்மேல் ஆணிப்பட்டையும். செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவியைச் சுற்றி உறைந்த படிகளில் செருப்போடு இறங்குவது எலும்பு முறிவுக்கு விண்ணப்பம் போடுவதுதான். பத்து நிமிடம் படம், பதினைந்து நிமிடம் காருக்குள் ஹீட்டர். உதடு நீலமானால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். பல ஊர்களில் சுடுதண்ணீர் பூமிக்கடியிலிருந்தே வருகிறது, கந்தக வாடை அடிக்கும், வெள்ளி கறுத்துவிடும்.

10. களத்தில்

தினமும் காலையும் மாலையும் இரண்டு தளங்கள் பாருங்கள்: ஐஸ்லாந்து வானிலை அலுவலகம், சாலை நிலவரம். காற்று வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும், 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். 10 மீட்டரில் சேலை அழகாகப் பறக்கும். 15-இல் டிரைபாட் நடுங்கும். 20-ஐத் தாண்டினால் விடுதியில் உட்கார்ந்து படங்களைப் பிரதி எடுங்கள். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறும். ஆரஞ்சிலேயே கிளம்பாதீர்கள். அவசர எண் 112.

அதே வானிலைத் தளத்தில் வடதுருவ ஒளிக்கான வரைபடம் இருக்கிறது. பச்சையாகத் தெரியும் இடத்துக்கு வண்டியை விரட்டுவது புதியவர்கள் தவறாமல் செய்யும் தப்பு: அந்தப் பச்சை மேகம். வெள்ளையாக இருக்கும் இடத்தில்தான் வானம் திறந்திருக்கும். அங்கே போய் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம், ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஐந்து முதல் பத்து வினாடி. ஒளி வேகமாக ஆடினால் இரண்டு மூன்று வினாடி போதும், இல்லாவிட்டால் திரைச்சீலை மடிப்பு எல்லாம் கரைந்து பச்சைக் கூழாகிவிடும். ஃபோகஸை ஒரு நட்சத்திரத்தில் கையால் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸ் முன்னால் உள்ள யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், அது நடுவில் வட்ட வட்டமாக வளையம் போடும். ஜோடி இருந்தால் மூச்சைப் பிடித்து நிற்கச் சொல்லி, குறைந்த சக்தியில் ஒரே ஒரு ஃபிளாஷ்.

ரெய்னிஸ்ஃப்யாரா கறுப்பு மணல் கரையில் நுழைவிலேயே எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென்று ஓரலை வெகுதூரம் ஏறி வந்து இழுத்துப் போகும், உயிர்கள் போயிருக்கின்றன. ஜோடி கடலுக்கு முதுகு காட்டி நிற்க, நீங்கள் வ்யூஃபைண்டருக்குள் மூழ்கியிருந்தால் கடலைப் பார்க்க ஆளில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் அலையை மட்டும் பார்க்க வேண்டும்; ஆளில்லையென்றால் மேட்டில் நின்று டெலி லென்ஸில் எடுங்கள்.

கெய்சிர் பகுதியில் ஸ்ட்ரோக்குர் வெந்நீர் ஊற்று ஐந்து பத்து நிமிடத்துக்கொரு முறை பீச்சும். காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள். அந்த நீரில் சிலிகா இருக்கிறது, கண்ணாடியில் காய்ந்தால் துடைத்தாலும் போகாது.

குளிரிலிருந்து விடுதிக்குள் நுழையும்முன் மெமரி கார்டை எடுத்துவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பைக்குள் போட்டு வெளியிலேயே மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் திறக்காதீர்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸுக்குள் படியாது. கார்டை முதலில் எடுக்கச் சொன்னது, ஆசை தாங்காமல் பையைத் திறப்பீர்கள் என்பதற்காகத்தான். டிரைபாட் கால்களை அன்றிரவே குளியலறையில் கழுவுங்கள். எரிமலை மணல் திருகுக்குள் போனால் மறுநாள் கால் நீளாது.

11. திரும்பும்போது

படங்கள் மூன்று இடத்தில்: ஒரு எஸ்எஸ்டி கைப்பையில், ஒன்று ஜோடியின் பெட்டியில், மெமரி கார்டுகள் உங்கள் சட்டைப் பையில். காரை ஒப்படைக்குமுன் நாலு பக்கமும், கதவுக் கீல்களையும், கண்ணாடியையும் வீடியோ எடுங்கள். ரெய்க்யாவிக்கிலிருந்து கெஃப்லாவிக் 50 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். பனி பெய்தால் இரட்டிப்பு. சென்னையில் இறங்கியதும் ஏற்றுமதிச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு சிவப்பு வழியில் போங்கள்.